அப்பன் தின்ற புளிப்பு: எபிரேய வேதத்துக்குள் நடந்த வழக்கு



இன்று நாம் நினைவுகூரும் வாத்தியாரை நம்மில் பலர் ஒரு மரண வீட்டில்தான் சரியாக அறிந்துகொண்டோம். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய பையன் ஒருவன் பிணமாக வீடு வந்திருந்தான். ஜெபம் செய்ய வந்தவர் பத்துக் கட்டளைகளிலிருந்து ஒரு பகுதியை வாசித்தார். தகப்பன் செய்த அக்கிரமத்துக்கு மூன்று, நான்கு தலைமுறை வரை பிள்ளைகள் பதில் சொல்ல வேண்டும் என்று வருகிற பகுதி அது. துக்க வீட்டில் அதற்கு ஒரு விளக்கமும் சொன்னார். அதுவரை அழுதுகொண்டிருந்த தாய் நிமிர்ந்து கேட்டார்: "அவுக அப்பா என்ன பாவம் செஞ்சாக ஐயா? ஊரு பீய அள்ளுனது பாவமா, அள்ளச் சொன்னது பாவமா?"

பந்தலில் யாரும் பேசவில்லை. வாத்தியார் அதே வேதப்புத்தகத்தை வாங்கி எசேக்கியேல் பதினெட்டாம் அதிகாரத்தை எடுத்தார். தகப்பனின் குற்றத்தை மகன் சுமக்க மாட்டான் என்று அங்கே தெளிவாக இருக்கிறது. அதை நிதானமாக வாசித்தார். ஜெபிக்க வந்தவர், "ரெண்டும் வேதந்தானே" என்றார். "ஆமா ஐயா, ரெண்டும் வேதந்தான். அதனாலதான் கேக்கேன், இந்த வீட்டுக்கு எதுக்கு அதை எடுத்தீக?" என்றார் வாத்தியார்.

இந்தச் சொற்பொழிவு அந்தக் கேள்வியின் தொடர்ச்சி. ஒரே புத்தகத்துக்குள் இரண்டு தீர்ப்புகள் எப்படி வந்தன? அவற்றை எழுதியவர்கள் யார்? ஒடுக்கப்பட்ட நாம் அதிலிருந்து எதைக் கற்றுக்கொள்கிறோம்? கிறித்தவராக இருந்தாலும், பௌத்தராக, இசுலாமியராக, நம்பிக்கையற்றவராக இருந்தாலும் நமக்கு இது வேண்டிய பாடம். 'வேதம் சொல்கிறது' என்ற சொல்லால் நம் முதுகில் ஏற்றப்பட்ட சுமை எல்லா மதங்களின் பெயராலும் ஏற்றப்பட்டதுதான்.

பல நூற்றாண்டுகளின் கட்டு

கிறித்தவர்கள் பழைய ஏற்பாடு என்று சொல்வதை யூதர்கள் தனக் என்பார்கள். தோரா, தீர்க்கர்கள், எழுத்துகள் என்று மூன்று பகுதிகள். அது பல நூற்றாண்டுகளாகப் பல கைகள் எழுதி, சேர்த்து, திருத்தி வைத்த ஒரு கட்டு. வடக்கே இஸ்ரவேல் அரசு கி.மு. 722 வாக்கில் அசீரியரிடம் விழுந்தது. தெற்கே யூதா அரசும் எருசலேம் ஆலயமும் கி.மு. 586 வாக்கில் பாபிலோனியரால் அழிக்கப்பட்டன. மக்கள் நாடு கடத்தப்பட்டார்கள். பின்பு பாரசீகர் காலத்தில் ஒரு பகுதியினர் திரும்பி வந்து ஆலயத்தை மீண்டும் கட்டினார்கள். இந்தக் கட்டின் பெரும்பகுதி அந்த அழிவுக்கு முன்னும் பின்னும் எழுதித் தொகுக்கப்பட்டது. ஐந்து ஆகமங்களுக்குள் வெவ்வேறு காலத்து மூலங்கள் கலந்துள்ளன என்ற ஆய்வை 1878இல் ஜெர்மானிய அறிஞர் ஜூலியஸ் வெல்ஹவுசன் விரிவாக முன்வைத்தார். அவர் சொன்ன காலக் கணக்குகள் பின்னாளில் பல இடங்களில் மறுக்கப்பட்டன. பல குரல்கள் இருக்கின்றன என்பதை மறுக்கும் ஆய்வாளர் அரிது.

ஓர் எளிய எடுத்துக்காட்டு. தாவீது ராஜா குடிமக்கள் தொகையைக் கணக்கெடுத்தது பாவமாகக் கருதப்பட்டது. அவனைத் தூண்டியது யார்? இரண்டாம் சாமுவேல் 24ஆம் அதிகாரம் கர்த்தர் என்கிறது. அதே கதையைப் பிற்காலத்தில் திரும்பச் சொல்லும் முதலாம் நாளாகமம் 21ஆம் அதிகாரம் சாத்தான் என்கிறது. தீமையைக் கடவுள் ஏவுவாரா என்ற கேள்வி இடைப்பட்ட காலத்தில் யாரையோ உறுத்தியிருக்கிறது. பழைய பதிலோடு வாழ முடியாதவர்கள் புதிய பதிலை எழுதினார்கள். பழையதைக் கிழித்துப் போடவும் இல்லை. இரண்டும் இன்றைக்கும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன.

துன்பம் யார் குற்றம்?

நாடு ஏன் அழிந்தது என்பதுதான் அந்த மக்களின் பெரிய கேள்வி. இராஜாக்களின் புத்தகம் ஒரு பதில் வைத்திருந்தது: மனாசே என்ற ராஜா செய்த பாவத்தால் அழிந்தது. மனாசே செத்து இரண்டு மூன்று தலைமுறை கழிந்துவிட்டது. ஆனாலும் அவன் பாவம் பேரன், கொள்ளுப்பேரன் காலத்தில் வந்து விடிந்தது என்று அந்த வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள்.

பாபிலோனில் அகதிகளாகக் கிடந்த மக்களிடையே ஒரு பழமொழி உலவியது. அப்பன் புளித்த திராட்சையைத் தின்றான், பிள்ளைக்குப் பல் கூசுகிறது என்பது அதன் பொருள். நாம் செய்யாத குற்றத்துக்கு நாம் அனுபவிக்கிறோம் என்ற கசப்பு அதில் இருக்கிறது. எதைச் செய்தும் மாற்ற முடியாது என்ற சோர்வும் இருக்கிறது. அந்த அகதிக் கூட்டத்துக்குள் இருந்த எசேக்கியேல் இந்தப் பழமொழியை இனி யாரும் சொல்லக்கூடாது என்றார். அவரவர் செயலுக்கு அவரவர் பொறுப்பு. பிறப்பின் வழியாகப் பாவம் இறங்காது. எரேமியாவின் புத்தகமும் அதே பழமொழியை எடுத்துவைத்து மறுக்கிறது.

இந்த முரணை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. யூத ரபிகளுக்கே இது தெரியும். தல்மூத்தில் மக்கோத் என்ற பகுதியில் ஒரு ரபி சொல்வதாக வருகிறது: மோசே நான்கு தீர்ப்புகளை விதித்தார், பின்னால் வந்த நான்கு தீர்க்கர்கள் அவற்றை நீக்கினார்கள். அந்த நான்கில் ஒன்று, தகப்பன் குற்றம் பிள்ளைமேல் என்ற தீர்ப்பு. அதை நீக்கியவர் எசேக்கியேல். மோசேயின் சொல்லை ஒரு தீர்க்கர் நீக்கினார் என்று அந்த மரபே வெளிப்படையாகச் சொல்கிறது! எசேக்கியேலின் புத்தகம் தோராவோடு முரண்படுகிறது என்று அதை ஒதுக்கிவைக்கப் பார்த்தார்கள் என்றும், அனனியா பென் எசேக்கியா என்ற அறிஞர் முந்நூறு பாத்திரம் விளக்கெண்ணெய் எரித்து மாடியறையில் உட்கார்ந்து அதற்கு விளக்கம் கண்டு புத்தகத்தைக் காப்பாற்றினார் என்றும் தல்மூத் இன்னோர் இடத்தில் சொல்கிறது. முரண்பட்ட குரலை நெருப்பில் போடாமல் விளக்கு வைத்துப் படித்த மரபு அது.

யோபின் புத்தகம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. யோபு எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான். பார்க்க வந்த நண்பர்கள் ஆறுதல் சொல்லத் தொடங்கி, நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும் என்று முடிக்கிறார்கள். உபாகமத்தை ஒப்புவிக்கும் நல்ல மாணவர்களைப் போலத்தான் பேசுகிறார்கள்: கீழ்ப்படிந்தவனுக்கு ஆசீர்வாதம், மீறினவனுக்குச் சாபம். யோபு ஒத்துக்கொள்ளவில்லை. கடவுளையே வழக்குக்கு அழைக்கிறான். கடைசியில் கடவுள், தம்மை ஆதரித்துப் பேசிய அந்த நண்பர்கள்மேல் கோபப்பட்டு, யோபு பேசியதே சரி என்கிறார். அந்த மரண வீட்டுத் தாய் யோபின் பக்கம் நின்றார். ஜெபிக்க வந்தவர் நண்பர்களின் பக்கம் நின்றார்.

நமக்கு இந்த வாதம் ஏன் இவ்வளவு பழக்கமாக இருக்கிறது என்று விளக்கத் தேவையில்லை. முற்பிறவி வினை, அதனால் இந்தப் பிறப்பு, அதனால் இந்தத் தொழில் என்று நம் மக்களுக்குச் சொல்லப்பட்ட தீர்ப்பும் இதே வடிவம்தான். அங்கே தகப்பன் பாவம் பிள்ளைக்கு வருகிறது. இங்கே முன்பிறவிப் பாவம் இந்தப் பிறவிக்கு வருகிறது. இரண்டிலும் துன்பப்படுபவனே குற்றவாளி, துன்பப்படுத்துபவன் பெயர் வழக்கில் இல்லை. மலம் அள்ள ஆள் வைப்பதைத் தடைசெய்து 2013இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பிறகும் தொட்டிக்குள் ஆள் இறங்குவது நிற்கவில்லை. 'அவன் விதி' என்று சொல்ல ஒரு நாக்கு ஊரில் இருக்கும்வரை இறக்கிவிட்டவனுக்கு வேறு வக்கீல் தேவையில்லை.

ஓய்வுநாளுக்கு இரண்டு காரணம்

பத்துக் கட்டளைகள் அந்த வேதத்தில் இரண்டு இடத்தில் வருகின்றன. யாத்திராகமம் 20இல் ஒரு முறை, உபாகமம் 5இல் ஒரு முறை. ஏழாம் நாள் ஓய்வு இரண்டிலும் உண்டு. காரணம் மட்டும் வேறு. யாத்திராகமத்தில் கடவுள் உலகைப் படைத்துவிட்டு ஏழாம் நாள் ஓய்ந்தார், ஆகையால் நீயும் ஓய்ந்திரு. உபாகமத்தில் நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய் என்பதை நினைத்துக்கொள், உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும்.

முதல் காரணம் ஆலயத்துக்கும் ஆசாரியருக்கும் பொருத்தமானது. இரண்டாவது, வரப்பில் நின்று பார்ப்பவனுக்குச் சொல்லப்பட்டது. அச்சன்புதூர் வயல்களில் நடவுக்கும் களைபறிப்புக்கும் போன நம் அம்மாக்களிடம் இந்த இரண்டில் எது கடவுளின் காரணம் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நமக்குத் தெரியும். அதே சமயம் கண்ணை மூடிக்கொண்டு உபாகமத்தின் பின்னால் போகவும் முடியாது. தப்பி வந்த அடிமையை எசமானிடம் பிடித்துக் கொடுக்காதே என்று சொல்வதும் அந்த நூல்தான், அடிமை வைத்துக்கொள்வதை ஏற்றுக்கொண்டு விதி எழுதுவதும் அந்த நூல்தான். லேவியராகமம் 25, உன் இனத்தானை அடிமையாக்காதே, அந்நியரை விலைக்கு வாங்கிப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப் போகலாம் என்கிறது. சொந்தக்காரனுக்கு ஒரு நீதி, மற்றவனுக்கு வேறு நீதி. நமக்குத் தெரியாத கணக்கா இது?

பத்தாம் தலைமுறையும் ஒரு மருமகளும்

மோவாபியன் பத்தாம் தலைமுறை வரையிலும் சபைக்குள் வரக்கூடாது என்று உபாகமம் 23 சொல்கிறது. பாபிலோனிலிருந்து திரும்பியவர்கள் காலத்தில் எஸ்றாவும் நெகேமியாவும் இந்த வரியைக் கையில் எடுத்தார்கள். வேற்றினப் பெண்களை மணந்தவர்கள் அந்தப் பெண்களையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் அனுப்பிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. சிதறிப்போன சிறிய சமூகம் தன்னைக் காத்துக்கொள்ளும் அச்சம் அதில் இருந்தது. ஆனால் அந்த அச்சத்தின் விலையைக் கட்டியவர்கள் பெண்களும் குழந்தைகளும்.

அதே கட்டுக்குள் ரூத்தின் கதை இருக்கிறது. ரூத் மோவாபியப் பெண். கணவனை இழந்தவள். மாமியார் நகோமியை விட்டுப் போக மறுத்து, அந்நிய ஊரில் கதிர் பொறுக்கிப் பிழைத்தவள். அறுத்த வயலில் சிந்திக் கிடப்பதைப் பொறுக்குவது என்றால் என்ன என்று நம் வீடுகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். அவள் தாவீது ராஜாவுக்குப் பாட்டனைப் பெற்றவள் என்று கதை முடிகிறது. பத்தாம் தலைமுறை வரை உள்ளே வரக்கூடாது என்ற சட்டத்தை நான்காம் தலைமுறையில் அரியணை ஏற்றிவிட்டார்கள்! அந்தக் கதை எஸ்றா காலத்துக்குப் பதிலாகவே எழுதப்பட்டது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். அதற்கு முன்பே எழுதப்பட்டது என்பாரும் உண்டு. எப்போது எழுதியிருந்தாலும் அந்தக் கட்டுக்குள் அது எஸ்றாவோடு வாதாடிக்கொண்டுதான் இருக்கிறது. ஏசாயா 56, அந்நியரையும் அண்ணகரையும் ஆலயத்துக்குள் அழைத்து, அது எல்லா மக்களுக்கும் ஜெபவீடு என்கிறது.

தமிழர்க்கு இதில் ஒரு தனி நினைவு உண்டு. தரங்கம்பாடியில் பழைய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கிய சீகன்பால்க் 1719இல் இறந்தபோது ரூத்தின் புத்தகம் வரைதான் முடித்திருந்தார். மீதியை ஷூல்ட்சே 1728இல் முடித்தார். தமிழில் முதலில் வந்து சேர்ந்த பகுதியில் கடைசியாக நின்றவள் அந்தக் கதிர் பொறுக்கிய பெண்.

ஏசாயாவின் குரல் எழுத்தில் இருந்தது, கல்லில் வேறு குரல் இருந்தது. எருசலேமின் இரண்டாம் ஆலயத்தில் அந்நியர் தாண்டக்கூடாத ஒரு தடுப்பு இருந்தது. தாண்டியவன் சாவுக்கு அவனே பொறுப்பு என்று கிரேக்க மொழியில் எச்சரிக்கும் கல்வெட்டு 1871இல் கிடைத்தது. அதைப் படிக்கும்போது நம் ஊர்க் கோயில் வாசல்கள் நினைவுக்கு வருகின்றன. கோயில்கள் மட்டுமா? திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் வேளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கும் மற்றவர்க்கும் ஒரு பக்கம் என்று இரண்டு சிறகுகளாக மாதாகோயிலைக் கட்டினார்கள். அந்தச் சாதித் தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து வழக்குக்குப் போனவர்களும் ஜெபமாலை உருட்டியவர்கள்தான்.

பத்தாம் தலைமுறைச் சட்டம் நம் நாட்டில் வேறு பெயரில் நடக்கிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களுக்கு மட்டும் என்று இருந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவ, இசுலாமிய தலித்துகள் வெளியே நிற்கிறார்கள். தாத்தா ஞானஸ்நானம் பெற்றதற்குப் பேத்தி சான்றிதழை இழக்கிறாள். சுடுகாட்டில் மட்டும் சாதி அவளை விடுவதில்லை. அப்பன் தின்ற புளிப்புக்குப் பிள்ளைக்குப் பல் கூசுகிறது என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

1981: இரண்டு வெளியேற்றங்கள்

1981 பிப்ரவரி 19 அன்று நம் தென்காசி வட்டாரத்திலேயே, மீனாட்சிபுரத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் இசுலாத்தைத் தழுவின. நாடே அதிர்ந்தது. அவர்கள் எதிலிருந்து வெளியேறினார்கள் என்று கேட்டவர்களைவிட, யார் பணம் கொடுத்தார்கள் என்று கேட்டவர்கள் அதிகம். அதே 1981இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய ஓர் உரையிலிருந்து தலித் இறையியல் என்ற சிந்தனை வளரத் தொடங்கியது. உபாகமம் 26இல் ஒரு குடியானவன் தன் முன்னோர் கதையை அறிக்கையிடுகிறான்: நாடோடியாக இருந்தோம், அடிமையானோம், கூக்குரலிட்டோம், வெளியே கொண்டுவரப்பட்டோம். நிர்மல் அந்த அறிக்கையைத் தலித்துகளின் வரலாறாக வாசித்தார். ஒருவர் புத்தகத்துக்குள் வெளியேற்றத்தைக் கண்டார், நம் பக்கத்து ஊர்க்காரர்கள் ஊருக்குள்ளேயே வெளியேறிக் காட்டினார்கள்.

அந்தக் கதையின் வலிமை அடக்குபவனுக்கும் தெரியும். 1807இல் இலண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பு அடிமைகளுக்காக என்று ஒரு வேதப்புத்தகம் அச்சிட்டார்கள். எகிப்திலிருந்து அடிமைகள் வெளியேறிய பகுதியை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். கீழ்ப்படியச் சொல்லும் பகுதிகளை விட்டுவைத்தார்கள். கத்தரிக்கோலைக் கையில் வைத்திருப்பவன் எந்தக் குரலை வெட்டுகிறான் என்று பார்த்தால் நமக்கு எந்தக் குரல் வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஆனால் கதை கடலைத் தாண்டியதோடு முடியவில்லை. விடுதலையானவர்கள் கானானுக்குள் போய் அங்கிருந்தவர்களை அழிக்கிறார்கள், அதுவும் கடவுளின் கட்டளையாக எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்கப் பூர்வகுடியான ராபர்ட் ஆலன் வாரியர் 1989இல் எழுதினார்: எங்கள் மக்கள் இந்தக் கதையில் கானானியர். விடுதலைக் கதையை வாசிக்கும் ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. அந்த வேதத்துக்குள்ளேயே அதற்கு ஒரு மறுமொழி உண்டு. ஆடு மேய்த்து, காட்டத்திப் பழம் பொறுக்கிய ஆமோஸ், இஸ்ரவேலரைப் பார்த்துக் கேட்டார்: நீங்கள் மட்டுமா? பெலிஸ்தரையும் சீரியரையும் அவரவர் இடத்திலிருந்து கொண்டுவந்தவரும் அதே கடவுள்தானே? எத்தியோப்பியரைவிட நீங்கள் எந்த விதத்தில் மேல்? எதிரிகளுக்கும் ஒரு வெளியேற்றம் உண்டு என்று சொன்ன குரல் அது.

இதை நாம் நம்மைப் பார்த்துக் கேட்க வேண்டும். நம் தெருக்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார் குடும்பம் எந்த வாசல் வழியே நம் வீட்டுக்கு வந்தது? 2009இல் அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடு வந்தபோது நம்மில் சிலர் எந்தக் குரலில் பேசினோம்? மன்றக் கூட்டங்களில் பெண்கள் பேச எழுந்தால் எத்தனை நிமிடம் கொடுக்கிறோம்? செங்கடலைக் கடந்த கூட்டத்துக்குள்ளும் எகிப்து வந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை, ஒரு வேலை

பழைய ஏற்பாட்டுக் கடவுள் கொடியவர், புதிய ஏற்பாட்டுக் கடவுள் அன்பானவர், யூதர் சட்டம் பேசினார்கள், நாம் கிருபை பேசுகிறோம் என்று நம் பிரசங்க மேடைகளில் எளிதாகச் சொல்லப்படுகிறது. இது தவறு மட்டுமல்ல, ஐரோப்பாவில் யூத வெறுப்புக்குத் தீனி போட்ட பேச்சும் ஆகும். எசேக்கியேல், யோபு, ரூத், ஆமோஸ் எல்லாம் யூத வேதத்தின் குரல்கள். கொடுமையை எழுதியதும் அந்த மக்கள், அதை எதிர்த்து எழுதியதும் அந்த மக்கள். பேரரசுகளின் காலடியில் மிதிபட்ட ஒரு சிறு கூட்டம் தனக்குள் நடத்திய வழக்கு அது.

நம் மண்ணில் அந்த வழக்கின் ஆவணங்கள் அப்படிக் கிடைக்கவில்லை. பௌத்தக் காப்பியமான குண்டலகேசி முழுதாக இல்லை. அதை மறுக்க எழுந்த சமணரின் நீலகேசி முழுதாக இருக்கிறது, குண்டலகேசியின் செய்யுள்கள் பிறர் உரைகளிலும் தொகை நூலிலும் சிதறிக் கிடக்கின்றன. தோற்றவர் குரலை மறுத்தவர் நூலில் தேட வேண்டிய நிலை. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில் செய்தது அந்தத் தேடல்தான். வழக்கத்தில் இருந்த கதைகளுக்கும் பண்டிகைகளுக்கும் அடியில் புதைந்த பௌத்தக் குரலை அவர் தோண்டினார். அவருடைய முடிவுகள் ஒவ்வொன்றையும் நாம் ஏற்கலாம், மறுக்கலாம். அந்த வேலையை விட்டுவிட முடியாது.

மாணவர்களிடம் நாம் கேட்பது இதுதான். யாரேனும் 'வேதத்தில் இருக்கிறது', 'சாஸ்திரத்தில் இருக்கிறது', 'நம் முன்னோர் சொன்னது' என்று வந்தால், எந்த நூலில், எந்தக் காலத்தில், யார் வாயால், யாருக்கு எதிராக என்று கேளுங்கள். அதே நூலில் அதற்கு மறுப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு, உங்கள் தெருவில் சொல்லப்பட்ட மறுப்புகளை எழுதி வையுங்கள். எழுதப்பட்டதால்தான் யோபின் முறையீடு இருபத்து நான்கு நூற்றாண்டு போல் கடந்து நம்மிடம் வந்தது. எழுதாமல் போன எத்தனையோ முறையீடுகள் பந்தலோடு பிரிக்கப்பட்டுவிட்டன.

வாத்தியாரின் வேதப்புத்தகத்தை அவர் வீட்டார் மன்றத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். எசேக்கியேல் பதினெட்டாம் அதிகாரத்தின் ஓரத்தில் பென்சிலால் அந்த மரண வீட்டின் தேதியை எழுதியிருக்கிறார். அதன் கீழே அந்தத் தாயின் கேள்வி, அவர் சொன்னபடியே. பதில் எதுவும் எழுதவில்லை.